பனி பெய்யாத காண்ட்ரா

காண்ட்ராவின் ஐந்தாவது ஸ்டேஜில் பனி பெய்யுமா பெய்யாதா என்பது தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூர் கிருஷ்ணாபுரத்தில் ஒரு பெரிய வழக்கு. எங்கள் வீட்டு டிவி கேமில் பெய்யாது. வெள்ளைத் தரை, பின்னால் மரங்கள், எதிரே ஓடிவரும் சிப்பாய்கள், அவ்வளவுதான். வெங்கடாபுரத்தில் இருந்த நண்பன் வீட்டில் அதே ஸ்டேஜில் திரை முழுக்கப் பொடிப்பொடியாகப் பனி இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் ஸ்டேஜில் அவன் வீட்டு மரங்களின் ஓலைகள் ஆடும். எங்கள் வீட்டு மரங்கள் அசையாது. ஸ்டேஜ் தொடங்குமுன் அவனுக்கு ஒரு வரைபடம் வேறு வரும். "எங்க சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது, ஒரிஜினல்டா" என்பான். எங்களுடையது பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. உண்மையில் இரண்டுமே டூப்ளிகேட்தான். ஒரிஜினல் நிண்டெண்டோவை எங்கள் தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஜப்பானின் ஃபாமிகாம் மெஷினை நகலெடுத்துச் செய்தவைதான் எல்லார் வீட்டிலும்.

விஷயம் என்னவென்று பின்னால்தான் தெரிந்தது. காண்ட்ராவை கொனாமி 1987-ல் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய மெஷினுக்குச் செய்தது. மறு வருஷம் வீட்டு மெஷினுக்கு வந்தபோது ஜப்பான் கேசட்டுக்குள் கொனாமி தன்னுடைய சிப் ஒன்றை வைத்திருந்தது. படத் துண்டுகளைச் சட்டுச் சட்டென்று மாற்றிப் போட அது உதவியது. பனி பெய்ததும் ஓலை ஆடியதும் அதனால். அமெரிக்கக் கேசட்டுகளை நிண்டெண்டோவே தயாரித்தது. கொனாமியின் சிப்புக்கு அங்கே இடமில்லை. ஆகவே அமெரிக்கக் காண்ட்ராவில் பனி நின்றது, வரைபடம் போனது. நகல் கேசட் போட்டவர்கள் கையில் எது சிக்கியதோ அதை அடித்து, மேலே '99999 கேம்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் கிருஷ்ணாபுரத்துக்கும் வெங்கடாபுரத்துக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது.

அதைவிட வேடிக்கையான வித்தியாசம் ஒன்று எங்கள் யாருக்கும் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். நம் ஊர் பால் (PAL) முறை டிவி 50 முறை. கேம்களோ அந்த 60-ஐ நம்பி எழுதப்பட்டவை. நம் டிவிக்கு ஏற்றாற்போல் செய்த நகல் மெஷின்களில் மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். ஜப்பான் பையன் 50 நொடியில் கடக்கும் தூரத்துக்கு எங்களுக்கு ஒரு நிமிஷம். பாட்டும் அதே அளவுக்கு இழுத்தது. அந்த இழுவைதான் மாரியோ பாட்டின் அசல் தாளம் என்று நம்பி வளர்ந்தோம். இப்போது யூடியூபில் அமெரிக்க வேகத்தில் கேட்டால் எனக்கு அவசரமாகப் படுகிறது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ கேப்காம் இந்த 8-பிட் மெஷினுக்குக் கொடுக்கவே இல்லை. ஆனாலும் எங்களிடம் இருந்தது! தைவானில் உரிமம் இல்லாத சில கம்பெனிகள் அதைத் தாங்களாகவே திரும்ப எழுதி விற்றன. ஆட்கள் குறைவு, அடிகள் குறைவு; ஒரு கேசட்டில் மாரியோவே சண்டைக்காரராக வருவார். மோசம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த மெஷினில் அதைச் செய்ததே பெரிய வேலை.

இதெல்லாம் சின்னப் பிள்ளைச் சண்டை. பெரிய சண்டை 2005-க்குப் பிறகு வந்தது.

அதற்குள் எங்கள் பக்கத்தில் ஆட்கள் மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அப்பாக்கள் லோன் போட்டு, படிப்புக்கு என்று வாங்கியது. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு ஓரங்களில் கேம் கடைகள் முளைத்தன. டூப்ளிகேட் டிஸ்க் ஓட உள்ளே சிப் போட்ட சோனி பிஎஸ் 2 மெஷின்கள், ஒரு மணி நேரம் 20 ரூபாய். மூன்றாவது கட்சி, இரண்டும் இல்லாமல் வேடிக்கை பார்த்தவர்கள். என் அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை ஒன்றில் இருந்தார். எனவே நான் கேம் கடையில் பாதி, வேடிக்கையில் பாதி.

பூந்தமல்லியில் நான் போன கடை ஒரு வீட்டின் முன்னறை. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பார்கள். நான்கு 21 இஞ்ச் பெட்டி டிவி, ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் ரெஸ்லிங் போஸ்டர். ஜாய்ஸ்டிக்கில் ரப்பர் தேய்ந்து, இடது குமிழ் வழவழவென்று இருக்கும். ஓடச் சொன்னால் கேமின் ஹீரோ நடப்பான். மெமரி கார்டு கடைக்குப் பொது. நேற்று நான் சேவ் செய்த இடத்தின் மேலேயே இன்று எவனாவது சேவ் செய்திருப்பான். கடை அண்ணனிடம் கேட்டால், "தம்பி, உன் பேர எழுதியா வெச்சிருக்கு அதுல?" என்பார். எட்டு எம்பி கார்டில் எத்தனை பேருக்குத்தான் இடம் கொடுப்பார், பாவம்.

அங்கே எல்லாரும் ஆடியது ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். ஆவடிப் பையன்கள் ஆடியதும் அதுதான். ஆனால் இரண்டும் ஒரே கேம் இல்லை என்பது என் கட்சி, அன்றும் இன்றும்.

ராக்ஸ்டார் அதை 2004 அக்டோபரில் பிஎஸ் 2-க்கு மட்டும் வெளியிட்டது. கம்ப்யூட்டருக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் 2005 ஜூனில் வந்தது. காகிதத்தில் பார்த்தால் கம்ப்யூட்டர்தான் ஜெயிக்க வேண்டும். பிஎஸ் 2-ன் பிரதான மெமரி 32 எம்பி; கம்ப்யூட்டர் சான் ஆண்ட்ரியாஸ் குறைந்தபட்சமாகக் கேட்டதே 256 எம்பி. தூரத்துக் கட்டடம் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே தெரியும். பிஎஸ் 2-ல் பக்கத்தில் போனால்தான் புகைக்குள்ளிருந்து எழும்பும். கோடுகள் கம்ப்யூட்டரில் கூர்மை. பிஎஸ் 2-ல் மழுங்கல்.

ஆனால் கேமில் வரும் லாஸ் சான்டோஸ் நகரத்தில் சாயங்காலம் ஆகும்போது பிஎஸ் 2 என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தெரு முழுக்க ஆரஞ்சும் பழுப்பும் கலந்து ஒரு புழுக்கம் இறங்கும். தார் ரோட்டின் மேல் காற்று நெளியும். கார் பானெட்டில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். மே மாசம் பகல் ரெண்டு மணிக்கு சி.டி.ஹெச். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவனுக்கு அந்த வெக்கை தெரியும். அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த ஊரை அடையாளம் கண்டுகொண்டோம். கம்ப்யூட்டரில் அந்த நிறப் பூச்சு இல்லை. எல்லாம் துலக்கமாக, வெளுப்பாக இருக்கும். ஆவடி நண்பனின் சிஸ்டத்தில் முதல்முறை பார்த்தபோது, "என்னடா, ஊர கழுவி விட்ட மாதிரி இருக்கு" என்றேன். அவனுக்குக் கோபம். "உங்க கடை டிவியில கலர் செட்டிங் சரியில்ல" என்றான்.

கலர் செட்டிங் அல்ல. பிஎஸ் 2-ன் கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே 4 எம்பி மெமரி இருந்தது. அளவில் சிறிது, வேகத்தில் அசுரன். ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை, அதன் மேல் இன்னொன்றை என்று திரை முழுக்கப் பூசிக்கொண்டே போவதுதான் அதன் பலம். கேமை எழுதியவர்கள் அந்தப் பலத்தைத் தெரிந்து வெக்கையையும் சாயங்காலத்தையும் அதைக்கொண்டே செய்தார்கள். கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது அந்தப் பூச்சு மாறாமல் வந்து சேரவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவரப் பின்னாளில் ரசிகர்களே தனியாக மோட் எழுதினார்கள். மெஷினின் வலு அல்ல, எந்த மெஷினை மனதில் வைத்துக் கேமை முதலில் யோசித்தார்கள் என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

கம்ப்யூட்டர் கட்சிக்கும் நியாயம் உண்டு. அவர்களிடம் சொந்தமாக ஒரு ரேடியோ இருந்தது. யூசர் டிராக்ஸ் என்ற ஃபோல்டரில் எம்பி3 பாட்டைப் போட்டால் காரில் தனி ஸ்டேஷனாக ஓடும். 'கில்லி' பாட்டைப் போட்டுக்கொண்டு குரோவ் ஸ்ட்ரீட்டில் பறக்கிற சுகம் பிஎஸ் 2-காரனுக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது. அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த சிஸ்டங்களின் லட்சணம் இருக்கிறதே! பெரும்பாலும் மதர்போர்டிலேயே ஒட்டிய இன்டெல் கிராபிக்ஸ். தனி கார்டு கேட்டால், "படிக்கிறதுக்கு எதுக்கு கார்டு?" என்பார் அப்பா. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா திறக்கவே மறுக்கும். 3டி அனலைஸ் என்ற சின்ன மென்பொருளை வைத்து, இல்லாத கார்டை இருப்பதாகப் பொய் சொல்லி ஏமாற்றி ஓட்டினால் சுல்தான் அரண்மனை கறுப்பாகத் தெரியும். போதாததற்கு சிடி. நான்கு ஜிபி கேமை ஒரே சிடிக்குள் நசுக்குவதற்காகப் பேச்சையும் பாட்டையும் அறுத்து எடுத்த 'ரிப்' பதிப்புகள் கைமாறிக்கொண்டிருந்தன. ஆவடி நண்பன் வைஸ் சிட்டியை அப்படித்தான் முடித்தான். ஆட்கள் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. கதை என்னவென்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது. ஹீரோ டாமி ஏன் யாரைச் சுடுகிறான் என்று அவனாக ஒரு கதை கட்டி வைத்திருந்தான். அது அசல் கதையைவிட மோசமில்லை.

பிஎஸ் 2 சான் ஆண்ட்ரியாஸில் இன்னொன்று உண்டு. தெருவில் சில இடங்களில் இரண்டு ஆள் உருவம் போட்ட ஒரு அடையாளம் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டால் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கும் வேலை செய்யும். இரண்டு பேர் சேர்ந்து ஊர் சுற்றலாம். இருவரும் ஒரே திரைக்குள் இருந்தாக வேண்டும், ஆளுக்கொரு பக்கம் ஓட முடியாது, கேமரா தடுமாறும். கேம் விமர்சனங்களில் இது ஒரு வரிக்குமேல் பெறாது. ஆனால் பூந்தமல்லி கடையில் இதன் மதிப்பு வேறு. 20 ரூபாயை ஆளுக்குப் பத்தாகப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் இரண்டு பேருமே ஆடலாம், பக்கத்தில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் பதிப்பில் இது இல்லை.

புது மெஷின் என்றால் நல்ல கேம் என்ற நம்பிக்கை எனக்கு உடைந்தது ஃபுட்பாலில். மைக்ரோசாஃப்ட் 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, 19,990 ரூபாய். அதே சமயத்தில் கொனாமியின் பிஇஎஸ் 6 வந்தது. புது மெஷினில் புல் பச்சைப்பசேல் என்றிருந்தது, முகங்கள் துலங்கின. ஆனால் அணிகளையும் ஆட்டக்காரர்களையும் நாமே திருத்துகிற வசதியை நேரமில்லாமல் பெரிதாக வெட்டிவிட்டார்கள். உரிமம் இல்லாததால் பல கிளப்புகளுக்குப் பொய்ப்பெயர் வைத்திருந்த கேமில் அந்த வசதிதான் உயிர். பழைய பிஎஸ் 2-ல் அது முழுசாக இருந்தது. அதிகக் காசு கொடுத்தவனுக்குப் பாதி கேம்.

ஃபிஃபா இதற்கு நேர்மாறு. ஃபிஃபா 10-ல் புது மெஷின்காரர்களுக்கு எந்தக் கோணத்திலும் பந்தைத் திருப்பும் வித்தை வந்தது. பிஎஸ் 2-ல் எட்டுத் திசைதான். அதன் பிறகும் ஃபிஃபா 14 வரை ஒவ்வொரு வருஷமும் பிஎஸ் 2-க்குப் புது உறை போட்டு அதே கேமை விற்றார்கள். அணி மாறிய ஆட்டக்காரர் மாறியிருப்பார், சட்டை மாறியிருக்கும், ஆட்டம் மாறாது. சோனி அந்த மெஷினைத் தயாரிப்பதையே 2013 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. அந்தக் கடைசி வருஷங்களில் அந்த டிஸ்குகளுக்கு வாடிக்கையாளர் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்தான். இதைத் தரக் குறைவு என்று சொல்வது மரியாதை. நான் ஏமாற்று என்பேன்.

2010 வாக்கில் கட்சிகள் மாறின. எஸ்டேட்டில் பட்டறைகள் இருந்த இடங்களில் ஐடி கம்பெனிகள் எழுந்தன. பெரியப்பா மகன் அமெரிக்காவுக்கு ஆன்சைட் போய், திரும்பும்போது ஒரு எக்ஸ்பாக்ஸ் 360-ஐக் கொண்டுவந்தார். அது 110 வோல்ட் மெஷின். ரிச்சி தெருவில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அதன் ரீங்காரத்தோடுதான் ஆடுவார். மின்வெட்டு நேரம் எப்போது என்று தெரிந்து சேவ் செய்வது தனிக் கலை. திருமுல்லைவாயலில் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் தவணையில் பிஎஸ் 3 வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரு வீட்டுக்கும் நான் நடுவர்.

நண்பர் வாதம்: "என்னோடது ப்ளூ-ரே. வந்தப்ப நாப்பதாயிரம் வித்துச்சுப்பா. அதுக்கு ஒரு அர்த்தம் வேணாமா?" அண்ணன் பதில்: "டிஸ்கை வெச்சு ஆடப்போறியா, கேம் ஆடப்போறியா?" இரண்டு பேர் சொன்னதும் சரி. ஃபைனல் ஃபேன்டசி 13 பிஎஸ் 3-ல் ஒரே டிஸ்க். 360-ல் மூன்று டிவிடி, படமும் மங்கல். ஜிடிஏ 4-ல் கதை திரும்பியது: 360-ல் 720 வரிப் படம், பிஎஸ் 3-ல் 640. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். பிஎஸ் 3-ல் ஓரங்கள் கொஞ்சம் கரைந்திருக்கும். எனக்கு என்னவோ அதுவே பிடித்தது, அண்ணனிடம் சொல்லவில்லை.

பயோனெட்டாதான் உச்சம். பிளாட்டினம்கேம்ஸ் அதை 360-ல் செய்தது. பிஎஸ் 3-க்கு மாற்றும் வேலையை சேகா ஏற்றுக்கொண்டது. விளைவு, ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டனை அழுத்தினாலும் லோடிங் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. சண்டை உச்சத்தில் படம் தடுமாறியது. பிறகு பேட்ச் விட்டு ஓரளவு சரிசெய்தார்கள். 2011 நவம்பரில் ஸ்கைரிம் வந்தபோது பிஎஸ் 3 வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்கச் சொன்ன புகார் ஒன்றே: ஆட ஆட சேவ் ஃபைல் பெருக்கிறது, பெருக்கப் பெருக்க கேம் நகர மறுக்கிறது.

காரணம் மெஷின்களின் உள்ளே இருந்தது. 360-ல் 512 எம்பி மெமரியும் ஒரே தொட்டி, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். பிஎஸ் 3-ல் 256, 256 என்று நடுவில் சுவர். அதன் செல் பிராசசரில் ஒரு முக்கிய மூளை, அதைச் சுற்றி கேமுக்குக் கிடைக்கும் ஆறு எடுபிடி மூளைகள். ஒவ்வொன்றுக்கும் வேலையைத் துண்டு போட்டுத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 360-க்கு எழுதிய கேமை அப்படியே இதற்குள் இறக்கினால் திணறத்தான் செய்யும். அதே மெஷினுக்கென்றே முதலிலிருந்து எழுதிய அன்சார்ட்டட் 2 2009-ல் எப்படி ஓடியது என்று பார்த்தவர்கள் மெஷினைக் குறை சொல்லமாட்டார்கள். நண்பரும் அதைத்தான் போட்டுக் காட்டுவார். அதற்கு மேல் அண்ணன் பேசமாட்டார், டீ போட எழுந்துவிடுவார்.

பிஎஸ் 4-ம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் 2013-ல் வந்தபோது இரண்டுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏஎம்டி சிப். அதன் பிறகு சண்டை வெறும் எண் சண்டை: கால் ஆஃப் டியூட்டி கோஸ்ட்ஸ் ஒன்றில் 1080, மற்றதில் 720. எனக்கு சுவாரசியம் போய்விட்டது. நடுவில் சைபர்பங்க் 2077 பிஎஸ் 4-ல் ஓட முடியாமல் திணறி, வெளியான 2020 டிசம்பரிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டதுதான் பழைய காலத்தை ஞாபகப்படுத்தியது. புது மெஷினுக்கு எழுதிய கேமைப் பழைய மெஷினுக்கும் உண்டு என்று சொல்லி விற்றால் நடப்பது அது.

2021 நவம்பரில் சான் ஆண்ட்ரியாஸை மெருகேற்றி மறுபடி வெளியிட்டார்கள். ஆவலாக வாங்கினேன். பிஎஸ் 2-லிருந்து அல்ல, இடையில் செல்போனுக்காகச் செய்த பதிப்பை வைத்து எழுப்பியது அது. அந்தப் பழைய புகையைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். சிலியாட் மலை உச்சியில் நின்றால் லாஸ் சான்டோஸ் ஷேர் ஆட்டோ தூரத்தில் தெரிந்தது. புகை இருந்தபோது அது ஒரு மாநிலம். மெஷினால் தூரத்தைக் காட்ட முடியாத குறையை மறைக்கப் போட்ட புகைதான் அந்த ஊருக்குத் தூரத்தையே கொடுத்திருக்கிறது. மழை பெய்தால் எதிரே ரோடு தெரியாத அளவுக்கு வெள்ளைக் கோடுகள் வேறு. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. பழைய வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க 2024 நவம்பர் ஆனது.

அக்கா மகன் இப்போது அதே சான் ஆண்ட்ரியாஸை செல்போனில் ஆடுகிறான். போன மாசம் தன் வகுப்புத் தோழன் ஒருவனோடு வந்து நின்றான்.

"மாமா, இதுல ரெண்டு பேரா ஆட முடியாதா?"

"பிஎஸ் 2-ல முடியும்."

"போன்ல?"

"முடியாது."

"கம்ப்யூட்டர்ல?"

"அதுலயும் இல்ல. புதுசா வந்ததுலயும் இல்ல."

அவனால் நம்ப முடியவில்லை. பழைய மெஷினில் இருப்பது புதிதில் எப்படி இல்லாமல் போகும் என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். பிஎஸ் 2 கிடைக்குமா என்றார்கள். ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், லென்ஸ் தேயாததாகப் பார்த்து எடுக்க வேண்டும், மெமரி கார்டு ஒன்றும் ஜாய்ஸ்டிக் இரண்டும் தனியாக வாங்க வேண்டும், முடிந்தால் பழைய பெட்டி டிவி ஒன்றும் வேண்டும் என்றேன்.

"நம்ம டிவியிலயே போடலாமே மாமா, 55 இஞ்ச் இருக்கே?"

போடலாம்தான். மஞ்சள் வயருக்கு ஒரு கன்வெர்ட்டர் மாட்டினால் படம் வரும். ஆனால் அந்தப் படம் பெட்டி டிவிக்கென்று செய்தது. இதில் இழுத்துப் பெரிதாக்கினால் கொசகொசவென்று இருக்கும் என்றேன். "பரவால்ல மாமா, ரெண்டு பேர் ஆடலாம்ல" என்றான் தோழன். அடுத்த சனிக்கிழமை போவதாகப் பேச்சு.